வெல சொல்லு, ஏறுறேன்

நைனாவின் காலில் முதல் கோட்டை நான் போட்டது காலை ஆறே முக்கால் மணிக்கு. வேலைக்கு எடுத்துப்போகும் பையில் எப்போதும் கிடக்கும் கறுப்பு மார்க்கரால் போட்டேன். பாதத்திலிருந்து ஏறிய சிவப்பு கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் அகலத்தில் நின்றிருந்தது. அந்த ஓரத்தைச் சுற்றி வரைந்து, பக்கத்தில் மணியை எழுதினேன். தோல் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

"இன்னா பாப்பா, தராசுக்குச் சீல் வெக்கிறியா?" என்றார் நைனா. அவருக்குப் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. சிரிக்கிறாரா நடுங்குகிறாரா என்று தெரியவில்லை.

நான் கருவியியல் டிப்ளமா படித்தவள். எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்த்துச் சரிபார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். முதலாளியையும் சேர்த்து நான்கு பேர்தான். மீன் வியாபாரிகள், நெல் மண்டிகள், மளிகைக் கடைகள் என்று எங்கே தராசு இருந்தாலும் போவோம். ஒவ்வொரு தராசுக்கும் பதினான்கு வரிகள் கொண்ட ஒரு தாள் உண்டு. அதில் ஏழாவது வரி: எண் தெரியும் திரை வாங்குபவர் பக்கமும் இருக்கிறதா? அது இல்லையென்றால் மற்ற பதின்மூன்றும் சரியாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். அன்று காலை மனதுக்குள் எழுதிய வரிசை இது: காய்ச்சல், நடுக்கம், சிவப்பு, பாதத்தில் நீலம். நான்காவதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை, கடலோடு சேரும் எங்கள் உப்பேரியில் நடந்து வலைக்குக் கழி நடும்போது கெளுத்தி மீனின் முள் பாதத்தில் ஏறியிருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மஞ்சள் வைத்துக் கட்டினார். எங்கள் ஊரில் முள் குத்தாத கால் கிடையாது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை வீங்கியது. நர்ஸிடம் காட்டச் சொன்னோம். அவர் போகவில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை அவருடைய பாடு. இறால் ஓடும் நல்ல இடங்களில் வலை கட்ட எங்கள் ஊரில் குடும்பம் குடும்பமாக முறை வரும். அந்த முறைதான் பாடு. வந்த நாளில் போகாவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். பிறகு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"யோவ், ஒரு நாளு போலன்னா ஏரி வத்திடுமா?" என்று அம்மா கத்தினாள்.

"ஏரி வத்தாது. பாடு பூடும்."

வெள்ளி முழுக்க இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றார். சனிக்கிழமை படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கோடு போட்டேன்.

ஊரிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா மட்டும் இருந்தார். காலைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார், ஒரு ஊசி போட்டார். "இத இங்க வெச்சிப் பாக்க முடியாதும்மா. கிழிச்சிச் சுத்தம் பண்ணணும். காலையிலேயே ஒரு சர்ஜன்கிட்ட காட்டிடு, மத்தியானம் வரைக்கும் வெச்சிக்காத" என்றார். அவர் அதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னார். நான் தெருமுனைக்குப் போய் ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டரை மணி நேரம். மற்றொன்று நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் ஆஸ்பத்திரி, முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் சர்ஜன் உண்டு என்று வாசலில் எழுதிப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். திருப்பாலைவனத்தைத் தாண்டியதும் நெல் வயல்கள் வந்தன. நைனா அவற்றைப் பார்க்கவில்லை. பொதுவாக, எவன் வயலில் தண்ணீர் நிற்கிறது, எவன் வயலில் இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்று கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தார். நான் தனியார் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தேன்.

அங்கே ஆட்டோ நின்றதும் வார்டுபாய் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நைனா கண்ணைத் திறந்தார். நாற்காலியைப் பார்த்தார். ஒற்றைக் காலில் இறங்கி, அம்மாவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போனார். அவசரப் பிரிவில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றார். ஏறவில்லை.

"படுங்க பெரியவரே."

"எம்மாம் ஆவும்?"

"மொதல்ல படுங்க. டாக்டர் வரட்டும்."

"வெல சொல்லு, ஏறுறேன்."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் கரையில் மீன் முதலில் மணலுக்கு வரும். மணலில் கிடக்கும்போதே ஏலம் விடுவார்கள், எல்லார் காதிலும் விழும்படி. விலை முடிந்த பிறகுதான் மீன் வியாபாரியின் கூடைக்குப் போகும். அவசரத்தில் யாராவது விலை முடியும் முன்பே கூடையில் கொட்டிவிட்டால், அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. வியாபாரி கொடுப்பதுதான் விலை. கூடையில் விழுந்த மீனைத் திரும்ப மணலில் எடுத்துப் போடும் வழக்கம் இல்லை. நைனாவுக்கு அந்தக் கட்டில்தான் கூடை.

இன்னொன்றும் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அது வேறொரு ஆஸ்பத்திரி. எவ்வளவு ஆகும் என்று நைனா கேட்டபோது, பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவரும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதைக் கட்டப் படகின் இன்ஜின் விற்றுப் போனது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை, எதையாவது முன்பே சொல்லியிருந்தால்தானே அதை மீறிவிட்டார்கள் என்று சொல்ல முடியும்? அதற்குப் பிறகு இரண்டு வருடம் அடுத்தவர் படகில் பங்குக்குப் போனார். அந்த இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் அம்மாவைக் குறை சொன்னதில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்: "வெல பேசாம ஏத்திட்டேன்."

நான் வரவேற்பு மேசைக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது சரியில்லை. நடந்துதான் போனேன். பயம் வந்தால் எனக்கு நடை நிதானமாகிவிடும், குரல் தாழ்ந்துவிடும். பார்ப்பவர்களுக்குத் திமிர் போலத் தெரியும்.

"இந்தக் காலுக்கு என்ன செலவாகும்னு சொல்ல முடியுமா?"

"டாக்டர் பார்த்தாதான் தெரியும் மேடம். மொதல்ல அட்வான்ஸ் கட்டிடுங்க."

"தெரிஞ்ச மட்டும் சொல்லுங்க. ஒரு நாளைக்குக் கட்டில் எவ்வளவு? தியேட்டர் எவ்வளவு? டிரெஸ்ஸிங் எவ்வளவு?"

"அப்படித் தனித்தனியா சொல்றதில்ல மேடம். பேக்கேஜா வரும்."

"பேக்கேஜ் எவ்வளவு?"

"டாக்டர் பார்த்தாதான் தெரியும்."

காப்பீட்டு அட்டையை எடுத்து வைத்தேன். மேசையிலிருந்த பெண் அதைத் தொடாமலே பார்த்தாள். "இங்க இது எடுக்கறதில்ல." பிறகு கொஞ்சம் அலுப்போடு, "மீன் வாங்கற மாதிரி கேக்கறீங்களே மேடம்" என்றாள்.

கட்டிலருகே நின்ற நைனாவுக்கு அது கேட்டுவிட்டது. "மீனுக்கே சொல்றோம்மா நாங்க!" என்றார். காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நைனாவின் வெறும் பாதம் தரையில் ஈரமாக ஒரு தடத்தை விட்டிருந்தது. அது தண்ணீரில்லை.

டியூட்டி டாக்டர் வந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். குனிந்து, நின்றவாக்கிலேயே நைனாவின் காலைப் பார்த்தார். "இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான்."

"ஆறே முக்காலா?" தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. நானும் குனிந்தேன். சிவப்பு என் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே போயிருந்தது. மார்க்கரை எடுத்து இரண்டாவது கோட்டைப் போட்டேன். இந்த முறை கோடு நேராக வரவில்லை.

"டாக்டர், எவ்வளவு ஆகும்னு நீங்களாவது..."

"எனக்குத் தெரியாதுங்க. நெஜமாவே தெரியாது. எங்ககிட்ட சொல்றதில்ல, அது பில்லிங்தான்." குரலைத் தாழ்த்தினார். "விரல் போனா பரவால்லனு நெனைக்கிற நேரம் இது. இன்னும் ஒரு மணி நேரம் நின்னாருனா நான் காலைப் பத்திப் பேச வேண்டியிருக்கும். அவர ஏத்துங்க."

பில்லிங் அறையில் ஒருவர் இருந்தார். அவர் டாக்டரின் குறிப்பு வேண்டும் என்றார். டாக்டரோ, குறிப்பு எழுத நோயாளி கட்டிலில் இருக்க வேண்டும் என்றார். கட்டிலில் ஏற நைனாவுக்கு விலை வேண்டும். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் நடுவில் கால் நின்றுகொண்டிருந்தது.

"ஏறுயா, உன் காலப் புடிச்சிக் கேக்குறேன்" என்று அம்மா அழுதாள்.

"எந்தக் கால?" என்றார் நைனா.

அவர் ஒரு ஊசியைக்கூடப் போட விடவில்லை. ஊசி போட்டால் ஏறின மாதிரிதான் என்றார். சலைன் பாட்டில் மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவரோடு சேர்ந்து ஆடியது, மேலே தொங்கிய கொக்கிகள் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் இன்றைக்கும் எங்கேயாவது சாவிக்கொத்து குலுங்கினால் எனக்குக் கேட்கிறது.

கட்டண விவரத்தை ஆஸ்பத்திரிகள் மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக எங்கோ படித்திருந்தேன். வரவேற்பறைச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை என்று ஒரு பெரிய பிளெக்ஸ் தொங்கியது. அதன் கீழ் ஓரத்தில் வேறொரு மரச்சட்டம் துருத்திக்கொண்டிருந்தது. பிளெக்ஸை விலக்கிப் பார்த்தேன். பலகை இருந்தது. இடப்பக்கம் 'சேவை', வலப்பக்கம் 'கட்டணம்'. சேவையின் கீழே தமிழில் பதினோரு வரிகள்: பதிவு, பொதுப்பிரிவுக் கட்டில் ஒரு நாளுக்கு, மருத்துவர் பார்வை, சிறு அறுவை அரங்கு, கட்டு மாற்றுதல், இரத்தச் சர்க்கரை... எழுத்து அழகாகவே இருந்தது. கட்டணத்தின் கீழே ஒன்றுமே இல்லை. பதினோரு காலியிடங்கள்.

நான் அதைப் படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது, கெட்டுப்போன எந்தத் தராசையும் திறக்கும் முன் படம் எடுப்பது பழக்கம். பிறகு தூணுக்குப் பின்னால் போய், சரிபார்ப்புத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அந்தப் பதினோரு சேவைகளையும் அதே வரிசையில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண்ணையும் எழுதினேன்.

எல்லாம் நானே போட்டவை. முழு எண்கள் போட்டால் நைனா நம்ப மாட்டார். ஏலத்தில் எந்த விலையும் முழுதாக முடியாது. அதனால் ஒன்றில் நாற்பதை விட்டேன், ஒன்றில் எழுபதைச் சேர்த்தேன். மொத்தம் இருபத்தேழாயிரத்துச் சொச்சம் வந்தது. அவர் பயப்படாத அளவு, ஆனால் சிரிக்காத அளவு. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய்ப் பட்டியல் அதுதான், அதை எழுதும்போது என் கையெழுத்து மிகவும் சீராக இருந்தது.

"சொல்லிட்டாங்க நைனா."

"எல்லார் மின்னாடியும் படி."

படித்தேன். கட்டிலைச் சுற்றி நர்ஸ், டாக்டர், அம்மா, வார்டுபாய். நைனா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். டாக்டர் முதல் வரியிலேயே என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் படித்தேன்.

கட்டு மாற்றுதலுக்கு வந்ததும் நைனா கண்ணைத் திறந்தார். "இன்னா இது? துணி சுத்தறதுக்கு ஐந்நூத்தி எழுவதா? சும்மா டபாய்க்கிறானுங்க. கொறைக்கச் சொல்லு போ."

"நைனா, டைம் இல்ல..."

"போ பாப்பா. கேட்டா கொறைப்பாங்க."

நான் திரும்பத் தூணுக்குப் பின்னால் போனேன். யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்த்து நின்று இருபதுவரை எண்ணினேன். அந்த இருபது எண்ணுக்குள் அவர் கால் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன், பன்னிரண்டாவது எண்ணை இரண்டு முறை எண்ணினேன். திரும்பி வந்து, "ஐந்நூறுக்கு ஒத்துக்கிட்டாங்க" என்றேன். தாளில் அடித்துத் திருத்தினேன்.

"பாத்தியா?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நைனா கட்டிலில் ஏறினார். மணி பத்து இருபத்தைந்து.

சர்க்கரை நோய் இருப்பது அன்றுதான் தெரிந்தது. சுண்டு விரலும் அதற்கடுத்ததும் போயின. கால் தப்பியது. அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் என்னிடம் மூன்றாவது கோடு போட வேண்டியதில்லை என்றார். நான் நன்றி சொன்னேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாலையில் அம்மா என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"நெஜமா எம்மாம் சொன்னாங்கோ?"

"எதுவும் சொல்லலம்மா."

"அப்ப நீ படிச்சது?"

"நானே எழுதினது."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அவருகிட்ட சொல்லித் தொலைக்காத" என்றாள். அவ்வளவுதான்.

ஆறு நாட்கள் இருந்தோம். முதல் பயம் காலைப் பற்றியது, அதற்கு ஒரு கோடு இருந்தது. இரண்டாவது பயத்துக்கு எந்தக் கோடும் இல்லை. தினமும் காலையில் மருந்துச் சீட்டுகள் வந்தன. மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று கேட்டால், முடியும்போது தெரியும் என்றார்கள். நான் சீட்டுகளைப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். நைனா தினமும் ஒருமுறை கேட்டார்: "நம்ப பேசனதுக்குள்ளதான கீது?" நான் தினமும் ஆமாம் என்றேன். கடைசி நாள் கொடுத்த தாளில் இருந்தது என் எண்ணைப்போல மூன்று பங்கு. அம்மாவின் சங்கிலி போனது, பட்டறை முதலாளி முன்பணம் கொடுத்தார். நைனா கட்டிலிலிருந்து இறங்கி, என் பட்டியல் தாளை வாங்கி, நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டார்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

நைனாவால் உடனே ஏரிக்குப் போக முடியவில்லை. கரையில் போய் உட்கார்ந்துகொண்டு கதை சொன்னார். அவர் சொன்னதெல்லாம் ஒரே கதைதான்: ஆஸ்பத்திரிக்காரனிடம் தன் பெண் விலை பேசி முடித்த கதை. "எழுவது ரூவா கொறைச்சிச்சி எங்க பாப்பா, நின்ன எடத்துல!" தாளை எடுத்துக் காட்டுவார். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

ஒரு வாரத்தில் எங்கள் தெருமுனை அத்தை வீட்டுக்கு வந்தாள். அவள் மகளுக்குத் தலைப்பிரசவம், எட்டாம் மாதம்.

"உங்க நைனாவுக்கு வாங்கனா மாரி எங்களுக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடுடி."

"அத்தை, சர்க்கார் ஆஸ்பத்திரியே நல்லா பாப்பாங்க."

"ஏன், உங்க நைனாவுக்குனா ஏசி, எம் பொண்ணுக்குனா சர்க்காரா? படிச்ச புள்ளைங்க புத்தியே புத்தி!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "நீ குடுக்கலனா போ. அந்தச் சீட்ட நான் செல்லுல போட்டோ புடிச்சிட்டேன். அதக் காட்டிப் பேசிக்கிறேன்" என்றாள்.

அந்தப் படம் ஊரின் வாட்ஸாப் குழுவில் போய்விட்டது. நான் தூணுக்குப் பின்னால் நின்று கற்பனை செய்த எண்கள், கட்டைவிரலால் பெரிதாக்கிப் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. யாராவது அதை நம்பிக் கட்டிலில் ஏறுவார்கள். ஏறியவர்களை இறக்க முடியாது. அத்தையிடம் உண்மையைச் சொல்லலாம், ஆனால் அத்தையிடம் சொன்னால் கரைக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரி. நைனாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். "பொறு அத்தை, புதுசா ஒரு சீட்டு வாங்கித் தரேன், பழசு செல்லாது" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து மனு எழுதினேன். மாவட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பதிவு கொடுக்கும் அலுவலகத்துக்கு. காலியான பலகையின் படத்தை இணைத்தேன். நான் கேட்டது மூன்றே விஷயங்கள். பலகையின் வலப்பக்கத்தை நிரப்பச் சொல்லுங்கள். பிளெக்ஸை எடுக்கச் சொல்லுங்கள். பலகையில் இல்லாத செலவு வந்தால், செய்யும் முன் எழுதித் தரச் சொல்லுங்கள். குறைக்கச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. எவ்வளவு அதிகமாக இருந்தாலும் தெரிந்தால் போதும், ஏறுவதா வேண்டாமா என்று காலோடு நிற்பவரே முடிவு செய்துகொள்வார் என்று எழுதினேன். நைனாவைப் பற்றி எழுதினேன். என் பட்டியலைப் பற்றி எழுதவில்லை.

பதில் வராது என்று நினைத்தேன். வரும் என்றும் பயந்தேன். பலகையை நிரப்பினால் அந்த எண்கள் நைனாவுக்கும் தெரியும். மனுவை அஞ்சலில் சேர்த்த பிறகுதான் இது எனக்கு முழுதாக உறைத்தது.

சில வாரங்கள் கழித்து அலுவலகத்திலிருந்து போனில் பேசினார்கள். "நேர்ல போய்ப் பாத்துட்டோம்மா. போர்டு எழுதிட்டாங்க. மூணாவது விஷயத்துக்குக் கடிதம் போட்டிருக்கோம்" என்றார் ஒருவர். குரலில் அவசரம் இருந்தது. நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அந்த வாரமே நைனாவை அங்கே காட்ட வேண்டியிருந்தது. விரல் எடுத்த இடத்தில் ஒரு ஓரம் மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்து வாசல் வழியாக நேராக டிரெஸ்ஸிங் அறைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். வழியில் ஷேர் ஆட்டோவில் அந்தத் திட்டத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஆட்டோவை எங்கே நிறுத்துவது, எந்தக் கதவு, அம்மா எந்தப் பக்கம் பிடிப்பது. எல்லாம் சரியாகவே நடந்தது, நைனா நின்று "ஓபி சீட்டு போடணுமே" என்று சொல்லிவிட்டு வரவேற்பறைப் பக்கம் திரும்பும்வரை.

பிளெக்ஸ் இல்லை. பலகை மட்டும் சுவரில் இருந்தது. வலப்பக்கம் நீல மையில் எண்கள்.

நைனா அதன் முன்னால் போய் நின்றார். எழுத்தை அவர் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். எண் வேகமாக வரும். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, என் தாளைப் பிரித்தார். இடது கை விரல் தாளில், வலது கை விரல் பலகையில். ஒரு வரி. அடுத்த வரி. நான் சேவைகளை அதே வரிசையில் எழுதியிருந்தேன், அதனால் அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு அவர் முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது, வெயிலில் கறுத்து மடிப்பு விழுந்த கழுத்து. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் பதினோரு வரியையும் பார்த்தார். எதையும் விடவில்லை.

"பெரியவரே, வாங்க, டிரெஸ்ஸிங்" என்று நர்ஸ் கூப்பிட்டார்.

நைனா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். திரும்பி, அதை என் கையில் வைத்தார்.

"இத்த நீயே வெச்சிக்க பாப்பா."

கோபமில்லை. வேறெதுவும் இல்லை. வலை கட்டிய கயிற்றை என் கையில் கொடுக்கும்போது இருக்கும் அதே குரல். நொண்டிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலருகே நின்றார். பழக்கத்தில் நான் விலையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கதவு வழியாகப் பலகையைத்தான் பார்த்தார்.

"கட்டு மாத்தறதுக்கு எழுநூத்தி அம்பது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கட்டிலில் ஏறினார்.

நான் வெளியே வந்து, அத்தைக்கு அனுப்புவதற்காகப் பலகையைப் படம் எடுத்தேன். முதல் படத்தில் வலப்பக்கம் முழுதாக விழவில்லை. இரண்டடி பின்னால் போய், இரண்டு பக்கமும் விழும்படி இன்னொன்று எடுத்தேன்.